திருடன் சீட்டு ஒரே பையனுக்கு விழுந்தால்…

கோவையில் அபார்ட்மெண்ட் ஒன்றில் குடியிருக்கும் ஒரு தாயின் நீண்ட கடிதம் இது. யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு எட்டு வயதில் மகன், ஐந்து வயதில் மகள். அவருடைய அப்பா மெட்ராஸ் ரெஜிமெண்டில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். வெலிங்டனில் பயிற்சி எடுத்த காலம் தொடங்கி தாத்தாவின் எல்லாக் கதைகளும் பேரனுக்கு மனப்பாடம். பேரன் பிறந்தநாளுக்குத் தாத்தா ஒரு ராணுவ செட் வாங்கிக் கொடுத்தார். ஹெல்மெட், வாக்கி டாக்கி, பிளாஸ்டிக் கைவிலங்கு, மஞ்சள் குண்டு போட்டுச் சுடும் நீளத் துப்பாக்கி எல்லாம் அதில் இருந்தன. 2025 ஏப்ரலில் பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்டார்கள். மே 7 அன்று ஆபரேஷன் சிந்தூர் நடந்தது. வீட்டுக்கு வீடு டி.வி. ஓடிக்கொண்டே இருந்தது. பிள்ளைகளுக்கோ கோடை விடுமுறை. கீழ்த்தளத்து கார் பார்க்கிங் இந்தியா-பாகிஸ்தான் எல்லையாகிவிட்டது. தாத்தா சொல்லிக்கொடுத்த "வீர மதராஸி, அடி கொல்லு, அடி கொல்லு" என்ற ரெஜிமெண்ட் முழக்கத்தோடு பையன்கள் தூணுக்குத் தூண் ஓடினார்கள்.

பாகிஸ்தானாக இருக்க யாரும் முன்வரவில்லை. முதலில் இங்கி பிங்கி போட்டார்கள். சில நாளில் அது நின்றுபோய், மகனோடு எல்.கே.ஜி.யிலிருந்து ஒன்றாகப் படிக்கும் பக்கத்து வீட்டுப் பையனே தினமும் 'தீவிரவாதி' ஆனான். அவன் முஸ்லிம் வீட்டுப் பிள்ளை. அவனைப் பிடித்து, தூணோடு சேர்த்துக் கைவிலங்கு மாட்டி விசாரிப்பார்கள். அவனும் சிரித்துக்கொண்டே "சொல்ல மாட்டேன்" என்பானாம். பள்ளி திறந்த பிறகும் மாலை நேரங்களில் இந்த விளையாட்டு தொடர்ந்தது. ஒரு நாள் அந்தப் பையன் தன் அத்தாவோடு லிஃப்டில் ஏறியபோது, உள்ளே நின்ற முதல் மாடிக் குழந்தை தன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, தீவிரவாதி வர்றான்" என்றது. அவன் அப்பா எதுவும் பேசவில்லை. அன்றிலிருந்து பையன் கீழே வருவதில்லை. அவன் அம்மா வழியில் பார்த்தால் புன்னகைக்கிறார், பேச நிற்பதில்லை.

அடுத்து நடந்த அசோசியேஷன் கூட்டத்தில் ஒருவர், வளாகத்துக்குள் துப்பாக்கி பொம்மையே கூடாது என்றார். இன்னொருவர் எழுந்து, "நம்ம ராணுவத்தைப் பார்த்துப் பிள்ளைங்க விளையாடறதுல என்ன தப்பு? நாட்டுப்பற்று வேண்டாமா?" என்றார். வார்த்தை தடித்து, கூட்டம் பாதியில் கலைந்தது.

வாசகியின் கேள்விகள் இவை. துப்பாக்கி வைத்து விளையாடினால் மகன் முரடனாகிவிடுவானா, எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிடலாமா? போட்டால் அப்பாவின் மனம் நோகுமே. மகள் வேறு, எந்த விளையாட்டிலும் சூரனாகவோ பேயாகவோதான் இருப்பேன் என்று அடம்பிடிக்கிறாள், அது ஏதேனும் கோளாறா? கடைசியாக, "என் மகனுக்கு மதம் என்றால் என்னவென்றே தெரியாது. அந்தப் பையனும் இஷ்டப்பட்டுத்தான் விளையாடினான். நான்தான் இதைப் பெரிதுபடுத்துகிறேனா?"

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் எதையும் பெரிதுபடுத்தவில்லை. கூச்சத்தோடு கடைசியில் கேட்டிருக்கிறீர்களே, அந்தக் கேள்விதான் இதில் முதன்மையானது. உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியதும் அதை ஒட்டிய ஒரு விஷயம்தான். அசோசியேஷன் கூட்டத்தில் அத்தனை பேர் துப்பாக்கியைப் பற்றிப் பேசினார்கள், ராணுவத்தைப் பற்றிப் பேசினார்கள், கீழே வருவதை நிறுத்திவிட்ட அந்தப் பையனைப் பற்றி ஒருவர்கூடப் பேசவில்லை. நீங்கள் எனக்கு எழுதினீர்கள். அதற்காகவே உங்களுக்கு என் நன்றி.

முதலில் துப்பாக்கி விஷயத்தை முடித்துவிடலாம். அது நீங்கள் பயப்படும் அளவுக்குப் பெரியதல்ல.

பொம்மைத் துப்பாக்கி பிள்ளையை முரடனாக்குமா?

பொம்மைத் துப்பாக்கியால் மட்டுமே ஒரு பிள்ளை வன்முறையாளனாக வளர்ந்துவிடுவான் என்று சொல்ல உறுதியான ஆதாரம் இல்லை. துப்பாக்கி கையில் இருந்தால் 'டுமீல்' விளையாட்டு கூடும், அது இயல்பு. துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டால் விரலை நீட்டுவான், தென்னை மட்டையைத் தூக்குவான், தோசைக்கரண்டியைக்கூடத் தோளில் சாய்த்துக் குறிபார்ப்பான். பொய்ச் சண்டைக்கும் நிஜச் சண்டைக்கும் உள்ள வித்தியாசம் பிள்ளைகளுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். பொய்ச் சண்டையில் முகம் மலர்ந்திருக்கும், விழுந்தவன் எழுந்து "இப்ப நான்" என்பான், ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் ஒன்றாகத் தண்ணீர் குடிக்கப் போவார்கள். நிஜச் சண்டையில் முகம் இறுகும், ஒருவன் விலகி ஓடுவான்.

அந்த மே மாதத்தில் சைரன், ஏவுகணை, எரியும் கட்டடம் என்று பிள்ளைகள் எதை எதையோ பார்த்தார்கள். எட்டு வயதில் அதை உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ளத் தெரியாது. ஓடி, ஒளிந்து, சுட்டு விளையாடித்தான் அந்தப் பயத்தை ஆற்றிக்கொள்வார்கள். போர் நடக்கும் ஊர்களில் பிள்ளைகள் போர் விளையாடுவதும் இதனால்தான். ஆகவே விளையாட்டைப் பார்த்துப் பதறாதீர்கள். வீட்டில் பெரியவர்கள் ஒருவரை ஒருவர் அடிப்பது, பிள்ளையை அடித்து வளர்ப்பது, இரவு முழுக்கப் பிணங்களைக் காட்டும் செய்திச் சேனலை அணைக்காமல் விடுவது, இவற்றுக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன்.

இந்தக் கேள்வி உங்கள் அபார்ட்மெண்டுக்கு மட்டும் வந்ததல்ல. சுவீடனில் 1970-களின் இறுதியிலேயே போர்ப் பொம்மைகளை விற்பதில்லை என்று பொம்மை வியாபாரிகளோடு உடன்பாடு கண்டார்கள். பிரிட்டனில் 2007-ல் அரசின் வழிகாட்டுதல் ஒன்று, மழலையர் பள்ளியில் ஆண் பிள்ளைகளின் ஆயுத விளையாட்டைத் தடுக்க வேண்டியதில்லை என்றது, ஆசிரியர் சங்கம் அதைக் கடுமையாக எதிர்த்தது. இரண்டு தரப்பிலும் பிள்ளைகள்மேல் அக்கறை உள்ளவர்கள் இருந்தார்கள். என் கருத்து பிரிட்டன் வழிகாட்டுதலின் பக்கம்தான், ஆனால் இரண்டு விஷயங்களில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஒன்று, கண். அந்த மஞ்சள் குண்டு வெளியேறும் துப்பாக்கியை இன்றே எடுத்து வைத்துவிடுங்கள். ஆப்கானிஸ்தானில் 2015 ரம்ஜான் பண்டிகை நாட்களில் இப்படிப்பட்ட பொம்மைத் துப்பாக்கிகளால் 100-க்கும் மேற்பட்டவர்களுக்குக் கண்ணில் காயம் பட்டு, அரசே அவற்றின் விற்பனையைத் தடை செய்தது. நம் நாட்டில் 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். திருவிழாக் கடையில் வாங்கினாலும் அதைப் பார்த்து வாங்குங்கள்.

இரண்டு, நிஜத் துப்பாக்கி போலவே தோன்றும் பொம்மை வேண்டாம். 2014-ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஒரு பூங்காவில் பொம்மைத் துப்பாக்கி வைத்திருந்த 12 வயதுச் சிறுவனை, நிஜத் துப்பாக்கி என்று எண்ணிப் போலீஸ்காரர் சுட்டுக் கொன்றார். அவன் கறுப்பினப் பையன். பார்ப்பவர்கள் ஒரே பொம்மையை எல்லாப் பிள்ளைகள் கையிலும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

மகள் சூரனாகட்டும்

உங்கள் மகளுக்கு எந்தக் கோளாறும் இல்லை. ஐந்து வயதில் வீட்டிலேயே சின்னவள் அவள்தான். எல்லோரும் அவளைத் தூக்குகிறார்கள், அதட்டுகிறார்கள், சீக்கிரம் தூங்கு என்கிறார்கள். சூரனாகும் ஐந்து நிமிடமாவது எல்லோரும் அவளைப் பார்த்துப் பயந்து ஓடுகிறார்கள். அந்தச் சுகம் அவளுக்கு வேண்டியிருக்கிறது. தனக்குள் இருக்கும் கோபத்தையும் பொறாமையையும் ஒரு பிள்ளை பத்திரமாக எடுத்துப் பார்க்க வில்லன் வேஷத்தைப் போல வேறு இடம் கிடையாது.

நம் ஊருக்கு இது புதிதும் அல்ல. திருச்செந்தூர்க் கடற்கரையில் சூரசம்ஹாரம் பார்க்க லட்சக்கணக்கில் கூடுகிறோம். சூரன் தலை மாற்றி மாற்றி வரவேண்டும், கடைசியில் சேவலும் மயிலுமாக முருகனிடமே சேரவேண்டும். அவன் இல்லாமல் திருவிழாவே இல்லை. தெருக்கூத்தில் துரியோதனன் வேஷம் கட்ட அனுபவமும் குரல் வளமும் உள்ள கலைஞர் வேண்டும். விடிய விடிய ஆடி, காலையில் அரிதாரத்தைக் கலைத்துவிட்டு டீக்கடைக்கு வந்தால் அவர் பழையபடி அந்த ஊர்க்காரர். அவரை யாரும் துரியோதனன் என்று சொல்லி ஒதுக்குவதில்லை.

உங்கள் மகள் தன் வேஷத்தைத் தானே தேர்ந்தெடுக்கிறாள், அலுத்ததும் தானே கலைக்கிறாள். அதனால்தான் அவளைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. பக்கத்து வீட்டுப் பையனுக்கு இந்த இரண்டுமே கிடைக்கவில்லை.

பெயரை மாற்றினால் போதுமா?

விளையாட்டில் எதிரி யார் என்ற தகராறு உலகம் முழுக்க நடந்திருக்கிறது. மூன்று கதைகளைச் சொல்கிறேன், உங்கள் அசோசியேஷன் கூட்டத்தில் எடுத்துச் சொல்ல உதவும்.

அமெரிக்காவில் 1964-ல் ஹாஸ்ப்ரோ நிறுவனம் ஜி.ஐ. ஜோ என்ற சிப்பாய் பொம்மையை விற்கத் தொடங்கியது. வியட்நாம் போர் கசந்தபோது சிப்பாய் பொம்மையும் மக்களுக்குக் கசந்தது. 1970-ல் ஜோவின் சீருடையைக் கழற்றி, அவனைச் சாகசப் பயணியாக மாற்றினார்கள். 1982-ல் திரும்பவும் ராணுவ வீரனாகக் கொண்டுவந்தபோது அவனுக்கு எதிரியாக 'கோப்ரா' என்ற கூட்டத்தை உருவாக்கினார்கள். அந்தக் கூட்டத்துக்கு நாடில்லை, மதமில்லை, முகமூடி மட்டும் உண்டு. வியாபாரக் கணக்கு எதுவாக இருந்தாலும், எந்தத் தெருவில் விளையாடினாலும் அங்கே ஒரு நிஜப் பிள்ளையைச் சுட்டிக்காட்டாத வில்லன் அவர்களுக்குக் கிடைத்தான்.

2010-ல் 'மெடல் ஆஃப் ஹானர்' என்ற வீடியோ கேம் ஆப்கானிஸ்தான் போரைக் களமாகக் கொண்டு வந்தது. பலர் சேர்ந்து ஆடும்போது ஒரு தரப்பு தாலிபானாக இருக்க வேண்டும். அங்கே படைகள் இன்னும் போரிட்டுக்கொண்டிருந்த நேரம். பிரிட்டனின் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் லியாம் ஃபாக்ஸ், கடைக்காரர்கள் இதை விற்கக்கூடாது என்றார். அமெரிக்க ராணுவ முகாம்களின் கடைகளும் விற்க மறுத்தன. நிறுவனம் 'தாலிபான்' என்ற பெயரை நீக்கி 'எதிரணி' என்று மாற்றியது. திரையில் இருந்த உருவமும் ஆட்டமும் அப்படியே இருந்தன, முகாம் கடைகளும் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. அந்தப் போரில் பிள்ளையை இழந்த வீட்டாரின் வலி பெயர்ப் பலகை மாற்றத்தில் தீராது.

மூன்றாவது லெகோ. நிஜமான ராணுவ வாகனங்களைப் பொம்மையாகச் செய்வதில்லை என்பது அந்த டென்மார்க் நிறுவனம் நெடுநாளாகச் சொல்லிவரும் கொள்கை. 2020-ல் ஆஸ்ப்ரே என்ற விமானத்தை மீட்பு விமானமாக வடிவமைத்து விற்பனைக்குத் தயாராக்கினார்கள். நிஜத்தில் அந்த விமானத்தைப் பயன்படுத்துவது ராணுவம் மட்டுமே. ஜெர்மனியின் அமைதி அமைப்பு ஒன்று கடைகள் முன் போராட்டம் அறிவித்ததும், கொள்கையைச் சுட்டிக்காட்டி நிறுவனம் அதை நிறுத்திக்கொண்டது. நான் இதை மதிக்கிறேன். ஆனால் லெகோ கட்டைகளில் பிள்ளைகள் தாங்களாகவே துப்பாக்கி செய்து சுட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். தடை போட்டால் கடைக்காரரைக் கட்டுப்படுத்தலாம், பிள்ளையின் மனதில் ஓடும் கதையை அது தொடாது.

உங்கள் அசோசியேஷனில் துப்பாக்கிக்குத் தடை போட்டாலும் இதுதான் நடக்கும். மறுநாள் துப்பாக்கி இருக்காது, பையன்கள் விரலை நீட்டுவார்கள். அந்த விரல் அதே பையனை நோக்கித்தான் நீளும்.

உங்கள் மகனும் அவன் நண்பனும்

நாமெல்லாம் சின்ன வயதில் ராஜா, ராணி, மந்திரி, போலீஸ், திருடன் என்று சீட்டு எழுதி விளையாடியிருக்கிறோம். திருடனுக்கு சைபர். யாரும் அந்தச் சீட்டை விரும்புவதில்லை, ஆனால் அது இல்லாமல் ஆட்டம் இல்லை. ஒவ்வொரு முறையும் சீட்டைக் குலுக்கிப் போடுவதால், இந்த முறை திருடனானவன் அடுத்த முறை ராஜாவாகலாம் என்பதால்தான் அது விளையாட்டு. போலீஸ் தவறான ஆளைச் சுட்டிக்காட்டினால் சைபர் போலீசுக்கே போய்விடும். பிள்ளைகள் வகுத்த நியாயம் அது. உங்கள் பார்க்கிங்கில் சில நாட்களுக்குப் பிறகு குலுக்குவதை நிறுத்திவிட்டார்கள். அத்தோடு அது விளையாட்டாக இருப்பதும் நின்றுவிட்டது.

"என் மகனுக்கு மதம் என்றால் தெரியாது" என்று எழுதியிருக்கிறீர்கள். மதக் கொள்கை அவனுக்குத் தெரியாதுதான். ஆனால் எந்த வீட்டில் யார் எப்படி உடுத்துகிறார்கள், யாருக்கு என்ன பெயர், பெரியவர்கள் எந்தப் பெயரைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்துகிறார்கள் என்பதெல்லாம் தெரியும். பள்ளிக்கூடம் சேரும் வயதுக்கு முன்பே பிள்ளைகள் 'நம்மாள்', 'அவங்காள்' என்று பிரிக்கக் கற்றுக்கொள்கிறார்கள். இங்கி பிங்கியை நிறுத்தியபோது யாரும் வாய்விட்டு ஒரு காரணமும் சொல்லியிருக்க மாட்டார்கள். சொல்லாமலேயே எல்லோருக்கும் புரிந்தது. அப்படிப் புரிவதைத்தான் நான் 'தெரியும்' என்கிறேன். உங்கள் மகன் கெட்ட பிள்ளை அல்ல. டி.வி.யிலும் வீட்டு வாசலிலும் கேட்டதை அவன் விளையாட்டாக நடித்துக் காட்டியிருக்கிறான். அதைத் திருத்துவது நம் வேலை.

"இஷ்டப்பட்டுத்தான் விளையாடினான்" என்பதையும் கொஞ்சம் யோசியுங்கள். எல்.கே.ஜி. முதல் சேர்ந்து விளையாடும் கூட்டத்தில் இடம் வேண்டுமானால் இந்த வேஷம்தான் என்றால், எட்டு வயதுப் பையன் என்ன செய்வான்? அழுதால் "போடா, உனக்கு விளையாடத் தெரியல" என்பார்கள். சிரித்தால் இடம் கிடைக்கும். சிரித்தான். அவன் வேறு வேஷம் கேட்டிருக்க முடியுமா, கேட்டால் கொடுத்திருப்பார்களா, ஆட்டம் முடிந்ததும் அந்தப் பெயர் போய்விட்டதா? மூன்றுக்கும் பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. லிஃப்டில் அந்தக் குழந்தை சொன்னதைக் கேட்டீர்களே, அதுதான் மூன்றாவது கேள்விக்குப் பதில். விளையாடாத நேரத்தில், அத்தாவின் கையைப் பிடித்து நிற்கும்போதுகூட அவன் மேலிருந்து வேஷம் இறங்கவில்லை.

இப்படி முத்திரை குத்தப்பட்ட பிள்ளைகள் ஆலோசனைக்கு என்னிடம் வரும்போது முதலில் வயிற்று வலி என்றுதான் வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை இரவு வலிக்கும், வெள்ளிக்கிழமை மாலை வலிக்காது. கிரிக்கெட் பிடிக்கும் என்ற பிள்ளை "எனக்குப் பிடிக்காது" என்பான். சிலர் அம்மாவிடம், "பேரண்ட்ஸ் மீட்டிங்குக்கு நீ வராதேம்மா, அத்தா மட்டும் வரட்டும்" என்பார்கள். அதைச் சொல்லும் பிள்ளையின் முகத்தையும் கேட்கும் தாயின் முகத்தையும் பார்த்தவர்களுக்கு இதை 'பசங்க விளையாட்டு' என்று தள்ள மனம் வராது. இழப்பு உங்கள் மகனுக்கும் உண்டு. கூட்டம் தன் பக்கம் இருந்தால் யாரையும் தூணில் கட்டலாம் என்பதை அவன் பழகிக்கொண்டிருக்கிறான். அத்தோடு தன் முதல் நண்பனையும் இழந்துகொண்டிருக்கிறான்.

இனி செய்ய வேண்டியது

மகனிடம் இன்றிரவே பேசுங்கள். திட்டாதீர்கள், "நீ தப்புப் பண்ணிட்ட" என்று ஆரம்பிக்காதீர்கள். பக்கத்தில் படுத்துக்கொண்டு கேளுங்கள்: "கண்ணு, தினமும் உன்னையே தூண்ல கட்டிப்போட்டு, மறுநாள் ஸ்கூல் பஸ்லயும் அந்தப் பேரைச் சொல்லியே கூப்பிட்டா உனக்கு எப்படி இருக்கும்?" பதில் சொல்ல நேரம் கொடுங்கள். பெரும்பாலும் அவனுக்கே தெரிந்திருக்கும், சொல்லத்தான் கூச்சப்பட்டிருப்பான். பிறகு நேராகவே சொல்லிவிடுங்கள்: பஹல்காமில் கொன்றவர்கள் கொலைகாரர்கள், அதற்கும் உன் நண்பனுக்கும் அவன் வீட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இதைச் சுற்றிவளைக்காமல் பெரியவர் வாயிலிருந்து அவன் கேட்க வேண்டும். நாம் பேசாமல் விட்ட இடத்தை டி.வி. நிரப்பிவிடும்.

விளையாட்டு விதிகளை அவனையே எழுதச் சொல்லுங்கள். நான் சேர்க்கச் சொல்வது மூன்றுதான். வேஷம் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மாற வேண்டும். எதிரி, கற்பனையான எதிரியாக இருக்க வேண்டும். வேற்றுக்கிரகவாசி, ரோபோ, கடல் கொள்ளையன் யாராகவும் இருக்கட்டும், ஒரு நிஜ மதமோ இனமோ கூடாது. "போதும்" என்று ஒருவன் சொன்னால் அந்த நொடியே ஆட்டம் நிற்க வேண்டும். தூணில் கட்டுவதும் கைவிலங்கு மாட்டுவதும் வேண்டவே வேண்டாம். வண்டி வந்து போகும் பார்க்கிங்கில் கை கட்டப்பட்ட பிள்ளையால் விலகி ஓட முடியாது.

உங்கள் அப்பாவின் மனம் நோகும் என்று பயப்படுகிறீர்கள். அவரைத் தள்ளி வைக்காமல் உள்ளே அழைத்து வாருங்கள், இந்த விஷயத்தில் உங்களுக்குக் கிடைத்திருக்கும் பெரிய துணை அவர்தான். துப்பாக்கியின் முனையை மனிதர் முகத்துக்கு நேரே நீட்டக்கூடாது என்பது பயிற்சியின் முதல் நாளிலேயே அவருக்குச் சொல்லிக் கொடுத்த பாடம். பிடிபட்டவரை அவமானப்படுத்தக்கூடாது என்று 1949 ஜெனீவா உடன்படிக்கை சொல்வதும் அவருக்குத் தெரியும். 2019 பிப்ரவரியில் விங் கமாண்டர் அபிநந்தன் பாகிஸ்தானில் பிடிபட்டபோது, அவரை எப்படி நடத்துகிறார்களோ என்று சென்னையில் இருந்து கன்னியாகுமரி வரை எத்தனை வீடுகளில் பதறினோம். மார்ச் 1 அன்று அவர் வாகா எல்லை வழியே நடந்து வந்ததைப் பார்த்துத்தான் மூச்சு விட்டோம். பார்க்கிங்கில் ஒரு பையனைத் தூணில் கட்டுவதற்கும் ராணுவத்துக்கும் சம்பந்தமில்லை என்பதைத் தாத்தா சொன்னால் பேரன் கேட்பான். பட்டாளத்துச் சாப்பாட்டு வரிசையில் தனக்கு முன்னும் பின்னும் யார் யார் நின்றார்கள் என்ற கதையையும் சொல்லச் சொல்லுங்கள்.

1965 போரில் பாட்டன் டாங்குகளை அழித்து உயிர்கொடுத்து பரம்வீர் சக்ரா பெற்ற அப்துல் ஹமீதின் கதையைத் தாத்தா சொல்ல விரும்பலாம். வீட்டில் தாராளமாகச் சொல்லட்டும். ஆனால் பக்கத்து வீட்டுப் பையனை உட்கார வைத்துக்கொண்டு, "பார், உங்க ஆளுங்களும் நாட்டுக்காக உயிர் கொடுத்திருக்காங்க" என்று சொல்ல வேண்டாம். நல்ல மனதோடு சொன்னாலும் அது அவனை மறுபடி தனியே நிற்க வைக்கும். இந்த நாட்டில் ஓடி விளையாட எட்டு வயதுப் பிள்ளை யாரிடமும் எந்தச் சான்றிதழும் காட்ட வேண்டியதில்லை.

பக்கத்து வீட்டுக்கு நீங்கள் போங்கள். மகனை இழுத்துப் போய் எல்லோர் முன்னாலும் "சாரி" சொல்ல வைக்காதீர்கள், அது இரண்டு பிள்ளைகளுக்குமே அவமானம். முதலில் நீங்கள் மட்டும் போங்கள். "நடந்ததை நான் பார்த்துக்கிட்டு இருந்திருக்கேன், முன்னாடியே நிறுத்தியிருக்கணும், நிறுத்தல. மன்னிச்சுக்குங்க" என்று சொல்லுங்கள். "பசங்க தெரியாம பண்ணிட்டாங்க" என்று அதில் சேர்க்காதீர்கள். "பரவாயில்லைங்க" என்று அவர் உடனே சொன்னாலும், அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். எத்தனையோ இடங்களில் "பரவாயில்லை" சொல்லிப் பழகியவராக இருப்பார். பையனைப் பார்க்கிங்குக்கு அழைக்க அவசரப்படாதீர்கள். முன்பு இருவரும் சேர்ந்து செய்த வேறு ஏதாவது, சைக்கிளோ செஸ்ஸோ, உங்கள் வீட்டிலோ அவர்கள் வீட்டிலோ தொடங்கட்டும்.

உரிமைகள், உதவி

இதே பெயர் சொல்லி அழைப்பது பள்ளிக்கும் போயிருந்தால் அந்தப் பெற்றோர் தலைமையாசிரியரிடம் எழுத்தில் தரலாம். கேட்டால் நீங்களும் சாட்சியாகக் கூடப் போங்கள். பள்ளியில் பிள்ளையை மனரீதியாகத் துன்புறுத்துவதைக் கல்வி உரிமைச் சட்டம் 2009-ன் 17-வது பிரிவு தடை செய்கிறது. ஆசிரியரே அப்படி அழைத்தால் அது நேரடியாகப் பொருந்தும். இந்தியா 1992-ல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31-வது விதி விளையாடும் உரிமையைப் பிள்ளைக்குத் தருகிறது. கீழே இறங்கி விளையாட முடியாமல் ஒரு பிள்ளை ஜன்னலருகே நிற்பது அந்த உரிமை பறிபோவதுதான். அவசர உதவிக்குக் குழந்தைகள் உதவி எண் 1098, மனநல ஆலோசனைக்கு 14416. இரண்டுக்கும் கட்டணம் இல்லை.

உங்கள் மகன் விஷயத்தில், விளையாட்டுக்கு வெளியேயும் பிறரையோ நாய் பூனையையோ வேண்டுமென்றே வதைத்தால், வலித்து அழுபவரைப் பார்த்தும் நிறுத்தாவிட்டால், ராத்திரி அலறி எழுந்தால், மாதக்கணக்கில் வேறு எந்த விளையாட்டுமே வேண்டாம் என்றால் ஒரு குழந்தை மனநல மருத்துவரை நேரில் பாருங்கள். நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

அசோசியேஷன் கூட்டம் மறுபடி கூடும் என்று எழுதியிருக்கிறீர்கள். துப்பாக்கிக்குத் தடையா இல்லையா என்ற வாக்கெடுப்பில் நீங்கள் எந்தப் பக்கம் கை தூக்கினாலும் எனக்குச் சம்மதமே. அதற்கு முன் எழுந்து நின்று, வளாகத்தில் எந்தப் பிள்ளையையும் யாரும் 'தீவிரவாதி' என்று அழைக்கக்கூடாது என்பதை முதல் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். முதல் மாடிக் குழந்தையின் அம்மாவிடம் கூட்டத்துக்கு முன்பே தனியாகப் பேசிவிடுங்கள். அவரும் அன்றைக்கு லிஃப்டில் என்ன செய்வதென்று தெரியாமல்தான் நின்றிருப்பார். தீர்மானத்தில் அந்தப் பையனின் பெயரோ வீட்டு எண்ணோ வர வேண்டாம். தீர்மானம் கொண்டுவருவதையே அவன் பெற்றோரைக் கேட்டுக்கொண்டு, அவர்கள் சம்மதித்தால் மட்டும் செய்யுங்கள்.